இஃபத் கேட்ட இரட்டைச் சத்தம்

மலேசியாவின் தைப்பிங்கில் பள்ளி வேன் ஓட்டும் இஃபத்துக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, போகும்போது அந்தக் காதின் சக்தியையும் கொண்டுபோய்விட்டது. ஒரு காதோடு படித்தாள், கல்யாணம் செய்தாள், லைசென்ஸ் எடுத்தாள். ஆனால் நாற்பது தாண்டியும் ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடாது. சந்தையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். வீட்டுக்குள் கைபேசி அடித்தால் அறை அறையாகத் தேடுவாள். அவள் கணவன் ஹாபிஸ் சோபாவில் உட்கார்ந்தபடி சிரிப்பான். எடுத்த பிறகு அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் சத்தத்தாலேயே பேசும் ஒரு கருவி வந்து சேர்ந்தது.

அதை வாங்கியது அவள் தம்பி தௌஃபிக். கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவன். எங்கோ ஒருவர் மண்ணைக் கிளறித் தங்கக் காசு எடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு இணையத்தில் ஒரு மெட்டல் டிடெக்டர் வரவழைத்தான். நீளமான ஒரு கம்பு, அதன் அடியில் சோற்றுத் தட்டு அளவில் ஒரு வட்டம், மேலே கைப்பிடியும் சின்னப் பெட்டியும், காதில் மாட்ட ஒரு ஹெட்ஃபோன். அதைத் தூக்கிக்கொண்டு பழைய ரப்பர் தோட்டங்களில் சுற்றினான். ஆணி கிடைத்தது. துருப்பிடித்த கம்பி கிடைத்தது. மறுபடியும் ஆணி கிடைத்தது. ஒரு நாள் அக்காள் வீட்டு வாசலில் கொண்டுவந்து சாய்த்து வைத்தான்.

"லாத்தா, இது சும்மா கத்துது லா. எங்க வச்சாலும் கத்துது. தலவலிதான் மிச்சம். ஒனக்கு வேணும்னா வச்சுக்க."

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மதியம் பள்ளி விடும்வரை இஃபத்துக்கு வேலை கிடையாது. வேனிலேயே உட்கார்ந்து கொட்டாவி விடும் நேரம் அது. சும்மா பார்ப்போமே என்று பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்துக்குக் கருவியோடு போனாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். உண்மைதான், எங்கே வைத்தாலும் கத்தியது. ஆனால் எல்லாம் ஒரே கத்தல் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

வேன் சாவியைப் புல்லில் போட்டு, அதன்மேல் கருவியின் அடித்தட்டை இடமும் வலமுமாக வீசினாள். ஒரு சத்தம். டின் பானத்தின் வளையத்தைப் போட்டாள். இது வேறு. கை மோதிரத்தைக் கழற்றிப் போட்டாள். வெள்ளி மோதிரம். காதுக்குள் குயில் கூவியதுபோல் ஒலி மேலே எகிறியது. இரும்பு தொண்டைக்குள்ளேயே உறுமியது. டின் வளையம் மூக்கால் முனகியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி வீசிப் பார்த்தாள். உறுமல், முனகல், கூவல்.

இன்னொன்றையும் அன்றைக்கே கண்டுகொண்டாள். இடமும் வலமும் வீசும்போது சத்தம் உச்சிக்குப் போகும் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அப்படியே திரும்பி நின்று குறுக்காக ஒருமுறை வீசினால், இரண்டு உச்சியும் சந்திக்கும் இடத்தில் பொருள் இருக்கும். அதற்கு இரண்டு காது தேவையில்லை. சத்தம் எங்கே என்று ஒருநாளும் தெரியாமல் வளர்ந்தவள், மண்ணுக்குள் கிடந்த ஒரு பழைய நட்டின் மேல் நேராக விரலை வைத்தாள். "அல்லாவே!" என்று அவள் போட்ட கூச்சலில் பள்ளிக் காவலாளி ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அன்று முதல் வீட்டில் பரீட்சைதான்.

"மச்சான், நீங்க பேப்பருக்கு அடியில ஒளிச்சு வைங்க. நான் சொல்றேன்."

ஹாபிஸ் வைத்தான். "கரண்டி," என்றாள். சரி. "டின் மூடி." அதுவும் சரி. மூன்றாவதில் நெற்றியைச் சுருக்கினாள். "இது ரெண்டு சாமான். ஒரு ஆணி. பக்கத்துல... மச்சான், இது ஒங்க மோதிரந்தானே?"

ஹாபிஸ் பேப்பரைத் தூக்கிக் காட்டினான். ஆணியும் மோதிரமும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. "இனிமே ஒனக்குத் தெரியாம நான் ஒன்னும் ஒளிக்க முடியாது போல," என்றான்.

வேனில் வரும் பிள்ளைகளுக்கும் அவள் வாயாலேயே அந்தச் சத்தங்களைப் போட்டுக் காட்டுவாள். அதில் ஆர்த்திகாவுக்குத்தான் ஆசை அதிகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பிறவியிலேயே காது கேட்காது. அறுவை சிகிச்சை செய்து இரண்டு காதுக்கும் காக்ளியர் கருவி வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின், அதிலிருந்து ஒரு மெல்லிய வயர், வயரின் முனையில் பொத்தான் போன்ற காந்த வட்டம். அந்த வட்டம் தலையில் ஒட்டியிருக்கும் வரைக்கும் அவளுக்கு உலகம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆர்த்திகாவின் அப்பா பிரஷாந்தன் இஃபத்துக்குப் போன் செய்தார்.

"அக்கா, பாப்பாவோட காது மிஷின் ஒன்னு விழுந்துருச்சு. எங்க தாமான்ல இன்னைக்குக் குடும்ப நாள் விழா. சாக்கு ஓட்டத்துல குதிச்சா, முடிஞ்சதும் பாத்தா இடது பக்கம் காணோம். அம்பது பேரு தேடிட்டாங்க. மழ வேற கறுத்துட்டு வருது. நனைஞ்சா போச்சு. ஒங்கள்ட்ட ஏதோ மிஷின் இருக்குன்னு பாப்பா சொல்றா."

"யாரையும் அங்க மிதிக்க விடாதீங்க தம்பி. வாரேன்."

அந்தத் தாமான் குடியிருப்பின் திடல் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். மரங்களை வெட்டி, மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தி, புல் போட்டிருந்தார்கள். இஃபத் போய்ச் சேர்ந்தபோது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஹெட்ஃபோனை மாட்டித் தட்டை இறக்கியதுதான் தாமதம், நிலம் முழுவதும் உறுமியது. ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளை மரத்தில் கட்டியிருந்த கம்பிகள், பால் வடிந்த சின்னத் தகடுகள், எல்லாம் புல்லுக்கு அடியில் அப்படியே கிடந்தன. இத்தனை உறுமலில் எதை என்று தோண்டுவது?

இஃபத் கருவியைப் புல்லில் வைத்தாள். பிறகு ஆர்த்திகாவின் முன்னால் முட்டி போட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பாப்பா, இன்னொரு காதுல இருக்கறத ஆன்ட்டிக்குக் கொஞ்ச நேரம் தரியா? அது எப்படிப் பாடுதுன்னு நான் கேக்கணும்."

"அதயும் எடுத்தா அவளுக்கு ஒன்னுமே கேக்காதுக்கா," என்றார் பிரஷாந்தன். "இந்த மிஷின் பட்டு அது கெட்டுட்டா?"

"ஏர்போர்ட்ல நம்ம நடந்து போறோமே, அந்த வாசல் மாதிரிதான் தம்பி இதுவும்."

"அதுல போலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு..." அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆர்த்திகாவே வலது பக்கத்து மிஷினைக் கழற்றி நீட்டிவிட்டாள். பிறகு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாத உலகத்தில் நின்று, இஃபத்தின் முகத்தையே பார்த்தாள்.

திடலின் ஓரத்தில், உறுமல் இல்லாத ஒரு சிமென்ட் மேடையில் அதை வைத்து இஃபத் மெதுவாக வீசினாள். ஒலி இரும்புபோல் உறுமத் தொடங்கியது. உறுமி முடிப்பதற்குள் மேலே எகிறியது. ர்ர்ர்... டீங்! இப்படியொரு சத்தத்தை அவள் இதுவரை கேட்டதில்லை. திருப்பி வைத்து வீசினாள். தள்ளி வைத்து வீசினாள். எப்படி வைத்தாலும் அதே இரட்டைச் சத்தம்.

மிஷினைத் திருப்பி மாட்டியதும் ஆர்த்திகா கேட்டாள். "எப்படி ஆன்ட்டி பாடுச்சு?"

"ர்ர்ர்... டீங்!"

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

இஃபத் சாக்கு ஓட்டம் நடந்த பாதையில் இறங்கினாள். உறுமல்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள். ஒரு இடத்தில் எகிறுவதுபோல் இருந்தது. தோண்டினால் பாட்டில் மூடி. பாதையின் கடைசிவரை போனாள், திரும்பி வந்தாள். இல்லை. முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது. ஆட்கள் நாற்காலிகளைப் பந்தலுக்குள் இழுத்தார்கள். பிரஷாந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் பந்தலை நோக்கி நடந்தாள். கருவியை அணைக்கவில்லை. கை தொங்கிய போக்கில் தட்டு, ஓரத்தில் குவித்துப் போட்டிருந்த சாக்குகளை உரசிக்கொண்டு போனது.

ர்ர்ர்... டீங்!

இரண்டு ஆட்கள் அந்தச் சாக்குகளை வாரி லாரியில் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"அண்ணே! போடாதீங்க! கீழ வைங்க, கீழ வைங்க!"

"சாக்கெல்லாம் ஒதறிப் பாத்தாச்சும்மா," என்றார் அதில் ஒருவர்.

"ஒன்னொன்னா வைங்க அண்ணே. கெஞ்சிக் கேக்குறேன்."

ஒரு சாக்கு. ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. மழை தடதடவென்று இறங்கியது. யாரோ ஓடிவந்து ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார்கள். அதற்குள் பத்துப் பேர் குனிந்து நெருங்கினார்கள். அதற்கடுத்த சாக்கின் மேல் தட்டு போனபோது இஃபத்தின் இதயம் எகிறிய சத்தமும் கருவி எகிறிய சத்தமும் அவளுக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. சாக்கின் உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். உள்மூலையில் பிரிந்து தொங்கிய சணல் நூல்களில் வயர் சிக்கி, எத்தனை உதறினாலும் விழாதபடி, அந்தச் சின்ன மிஷின் தொங்கிக்கொண்டிருந்தது. சாக்கின் வெளிப்புறம்தான் நனைந்திருந்தது. மிஷின் காய்ந்தே இருந்தது.

கூட்டம் கத்திய கத்தலில் இஃபத் ஹெட்ஃபோனைக் கழற்றவே தேவையிருக்கவில்லை, அதையும் மீறிக் கேட்டது. பிரஷாந்தன் சட்டை நுனியால் துடைத்து, பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு மினுக்கியது. ஆர்த்திகா வாங்கித் தானே ஒட்டிக்கொண்டாள். தார்ப்பாயில் மழை கொட்டுவதை அண்ணாந்து பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் பெய்யுது!" என்றாள்.

பிரஷாந்தன் அழுதுவிட்டார். இஃபத்துக்கும் கண் நிறைந்தது. ஆனால் அவளால் நிற்க முடியவில்லை. ஹாபிஸுக்குப் போன் போட்டுச் சொன்னாள், தௌஃபிக்குக்குப் போட்டுச் சொன்னாள், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளிடமும் முதலிலிருந்து சொன்னாள்.

விழாக் குழு சாக்கு ஓட்டத்தின் முதல் பரிசான ஃபிளாஸ்க்கை இஃபத்துக்கே கொடுப்பதாக மைக்கில் அறிவித்தது. ஆர்த்திகா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆன்ட்டி ஓடவே இல்லையே! ஓடுனாத்தான் பரிசு!"

எல்லாரும் கைதட்டினார்கள். பிரஷாந்தன் மகளின் இரண்டு மிஷினையும், இனி விழாதபடி, கிளிப் போட்ட கயிற்றால் சட்டைக் காலரோடு இணைத்தார். நாற்காலிகளை ஒதுக்கிப் பந்தலுக்குள்ளேயே ஒரு பாதை விட்டார்கள். இஃபத் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு சாக்குக்குள் ஏறினாள், ஆர்த்திகா பக்கத்துச் சாக்குக்குள் ஏறினாள். விசில் ஊதியது. நாலு குதி குதிப்பதற்குள் அவள் தடுமாறி, சோற்று மேசையைப் பிடித்து, சிரித்துக்கொண்டே தரையில் சரிந்தாள். ஆர்த்திகா அவளைத் தாண்டிக் குதித்துப் போய் ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.