கோள்காரி

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது இஸ்திரி அக்கா. வைத்த அன்று எல்லோரும் சிரித்தோம், அவளும் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. விளையாட்டாக வைத்த ஒரு பெயரைக் கொண்டே ஒருத்தியைக் குழி தோண்டிப் புதைக்க முடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். மாடிகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு பெரிய தகரக் குழாய் வழியாகச் சரிந்து கீழே வந்து விழும். பிரிப்போம், துவைப்போம், பெரிய ரோலரில் தேய்ப்போம், மடிப்போம். மடிப்பில் அவளும் நானும் ஜோடி. கட்டில் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்தப் பக்கம் இரண்டு முனை, அந்தப் பக்கம் இரண்டு முனை. உதற வேண்டும், இழுக்க வேண்டும், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாளெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தபடி நடந்தவள் நான். புருஷன் முகத்தைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

மதிய இடைவேளையில் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கையில் ஒரு சின்ன ரேடியோ, கப்பலில் வேலை பார்க்கும் தம்பி கொடுத்தது. இன்னொரு கையில் துடைப்பக் கட்டை. இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி அதன் குறுக்கே கட்டியிருப்பாள். அதுதான் ஏரியல். வானத்தில் எதையோ தேடிக்கொண்டு கட்டையை மெல்லத் திருப்புவாள். முதல் முறை பார்த்தபோது, பாவம், வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவள் தேடியது ஒரு குட்டிச் செயற்கைக்கோள். ஏதோ ஒரு நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் செய்து அனுப்பியது, செருப்புப் பெட்டி அளவுதான் இருக்குமாம். பல தேசத்துக் குழந்தைகளின் குரல்களைப் பதிந்து உள்ளே வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் போகும்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மேலே போன கொஞ்ச காலத்திலேயே அதன் பேட்டரி செத்துப்போனது. செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். ஆனால் கோள் சாகவில்லை. வெயில் பட்டால் எழுந்து பேசும். பூமியின் நிழலுக்குள் போனால் மயங்கிவிடும். மறுபடி வெயில் வந்ததும், விட்ட இடத்தில் தொடராமல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். என் மாமியார் சண்டையும் இப்படித்தான், எப்போது எடுத்தாலும் கல்யாணத்தன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஒருநாள் என் காதிலும் வைத்தாள். இரைச்சல், இரைச்சல், புரியாத பாஷையில் ஒரு பையன், பிறகு நம் பேச்சிலேயே ஒரு சின்னப் பிள்ளை. "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" அவ்வளவுதான். கோள் நகர நகரக் குரல் கூர்மையாக வந்து போகப்போகத் தணிந்தது, அதைத் தவறவிடாமல் அவள் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கா தினமும் மாடி ஏறுற?" என்றேன்.

"அத்தனை உசரத்துல இருந்து கேக்குதான்னு கேக்குதுடி. கேக்குதுன்னு கீழ ஒருத்தியாவது நிக்க வேண்டாமா?"

கீழே வந்து இதைச் சொன்னேன். இஸ்திரி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "செயற்கைக்கோளைக் கேக்குறவ யாரு? கோள்காரி!" என்றாள். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அதுவே பெயர்.

பிறகுதான் ரோலர் விஷயம் வந்தது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி உடைந்து கிடந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் ஒருத்தியின் விரல்கள் வெந்தன. திங்கட்கிழமை காலை யாரும் ரோலரைப் போடுவதில்லை, கம்பி வந்த பிறகுதான் வேலை என்று முடிவு செய்தோம். மெஷின் சத்தத்தில் பேசினால் காதில் விழாது. அதனால் எப்போதும் போல, துணி விழும் குழாய்க்கு அடியில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் கூடிப் பேசினோம். அந்த மூலையில் மட்டும்தான் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கும்.

திங்கட்கிழமை வந்தால், எங்களுக்குப் பதிலாக ரோலரைப் போட வெளியாட்களைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் வாசலில் நிற்கிறார். யார் யார் என்ன பேசினோம் என்பதைச் சொல் மாறாமல் ஒப்பிக்கிறார். முடிவை முதலில் சொன்னது நான் என்பதால் என்னை இரண்டாம் மாடிக்குத் துணி விநியோகத்துக்கு மாற்றினார்.

யார் போட்டுக்கொடுத்தது? கேள்வி முடியுமுன்பே பதில் தயாராக இருந்தது. பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே! மாடியில் நின்று கருவியை வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிறாள், கண்ணால் பார்த்தேன் என்று ஆளாளுக்குச் சாட்சி.

"இது கேக்குற ரேடியோக்கா. இதுல பேசவே முடியாது," என்றாள் அவள்.

"கேக்கத் தெரிஞ்சவளுக்குச் சொல்லத் தெரியாதா?" என்றாள் இஸ்திரி அக்கா.

நான் கத்தினேன், சண்டை போட்டேன். கூட்டாளிக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள். அதற்குப் பிறகு அவளோடு யாரும் விரிப்பு மடிக்க வரவில்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, எதிர்முனையைப் பிடிக்க வரவில்லை, அவ்வளவுதான். காலையில் துணி எடுக்க இறங்கும்போது பார்ப்பேன். சுவரோரத்துத் தண்ணீர்க் குழாயில் இரண்டு முனையைக் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, அவள் மட்டும் குழாயை நோக்கி நடந்துகொண்டிருப்பாள். பார்க்கும்போதெல்லாம் எவளையாவது இழுத்து வைத்து அறைய வேண்டும் போலிருக்கும்.

ஒருநாள் மதியம் இரண்டாம் மாடியில் சூப்பர்வைசர் அறையில் துண்டுகளை வைக்கப் போனேன். ஆள் இல்லை. ஆனால் அறையில் பேச்சுக் குரல் கேட்டது.

"மேல போயிட்டா பாரு கோள்காரி. இன்னைக்கு எதைப் போட்டுக்கொடுக்கப் போறாளோ."

இஸ்திரி அக்கா! பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவு. மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தகர மூடி. திறந்தேன். துணி போடும் குழாய், நேரே எங்கள் மூலைக்கு இறங்குவது. ஒருவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், எங்கள் சுவருக்கு வாயும் இருந்திருக்கிறது. அந்த ஆள் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை, நாற்காலியில் சாய்ந்துகொண்டே எங்கள் வயிற்றெரிச்சல் முழுவதையும் கேட்டிருக்கிறார். ஒட்டுக் கேட்டவன் மேல் ஒரு பழியும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையின் குரலைக் கேட்டவள் மேல் ஊர்ப் பழி.

தலையைக் குழாய்க்குள் விட்டுக் கத்தினேன். "அடியே அறிவு கெட்டவளுகளா! கோள் சொன்னது அவ இல்ல, இந்தக் குழாய்! நீங்க பேசுனதை நீங்களேதான் மேல அனுப்பிருக்கீங்க!"

படியில் இறங்கி ஓடினேன். எல்லோரும் குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா," என்றாள் இஸ்திரி அக்கா.

"தெரியாமயா? தெரிஞ்சுக்கணும்னு ஒருத்தியாவது நினைச்சீங்களா? அந்த ரேடியோவை ஒரு தடவை காதுல வச்சுப் பார்த்தீங்களா?"

அப்போது அவள் மாடியிலிருந்து வந்தாள். வெயிலில் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. கட்டையை மூலையில் சாய்த்தாள். நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் குழாயை ஒரு முறை பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். அழுவாள், இல்லை நாலு கேள்வியாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கேட்டுச்சாடி?" என்றேன்.

"நல்லாக் கேட்டுச்சு."

இஸ்திரி அக்கா குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவி, இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "வாடா கண்ணு. சேர்ந்து மடிப்போம்."

அவள் வேறொரு விரிப்பை எடுத்தாள். தண்ணீர்க் குழாயில் கிளிப்பைப் போட்டாள்.

"வேண்டாம்கா. தனியா மடிக்கப் பழகிட்டேன்."

இஸ்திரி அக்கா பிடித்திருந்த விரிப்பின் மறுமுனை தரையில் கிடந்தது. தரையில் பட்டதை மறுபடி துவைக்கப் போட வேண்டும். அதைச் சுருட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போனாள்.