கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே ஓர் ஓலைத் தட்டி

விழுப்புரம். 1986, பங்குனி முதல் வாரம். பகல் பதினொன்றரை.

எழும்பூரில் ஏறியவன் திண்டிவனத்திலேயே இறங்கியிருக்கலாம். தங்கை வீட்டுக்கு அதுதான் கிட்ட. ஆனால் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்க எனக்கு எப்போதும் மனம் வராது. ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் ஊர் வருவதே ஒரு இடைஞ்சல். எழும்பூரிலிருந்து நூற்று ஐம்பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் சந்திப்பில்தான் இறங்கினேன். வெயில் தண்டவாளத்தில் விழுந்து கண்ணில் எழுந்தது. ஒரு டீ நாற்பது காசு. டீயை விட்டுவிட்டு, கையிலிருந்த கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

அந்தக் கூஜாவுக்குக் காரணம் உண்டு. போன ஐப்பசியில் என் விலாவுக்குக் கீழே ஒரு கல் பயணம் புறப்பட்டது. மிளகளவுகூட இல்லாத சிறுநீரகக் கல். அது வெளியேறும்வரை நான் தரையில் புழுவாய் நெளிந்தேன். தண்ணீர் நிறையக் குடி, உப்பைக் குறை, ஊறுகாய் அப்பளத்தை மற என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். பொங்கலுக்கு வந்திருந்த தங்கை வசந்தா, “பத்து நாள் எங்கூட்ல வந்து இரு அண்ணே. வாழைத்தண்டும் கூழும் குடுத்துத் தேத்திடறேன்” என்றாள். பத்து நாள் ஓரிடத்தில் இருக்கிற ஆளா நான்? மூன்று நாளுக்கு ஒப்புக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டே கால். திண்டிவனம் போகும் டவுன் பஸ்.

கூட்டேரிப்பட்டு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி, மடியில் எக்ஸ்ரே படம் வைக்கிற பெரிய காக்கி உறையோடு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டருக்குத் தெரிந்தவள் போலிருக்கிறது.

“இன்னாக்கா, படம் புடிச்சிக்கினு வர்றியா?”

“ஆமாண்டா. படம் எடுத்ததே எங்க? என் வயித்துக்குள்ள. ஹீரோ கல்லு.”

பஸ்ஸே சிரித்தது. ‘கல்லு’ என்ற சொல் என் விலாவைத் தொட்டது. நானும் அந்த ஜாதிதான் என்று சொன்னேன். அவ்வளவுதான், முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பெயர் முனியம்மா. மல்லாட்டை பிடுங்கும் பெண்களைக் கூட்டாகச் சேர்த்துக் கொல்லை கொல்லையாகக் கொண்டுபோகிறவள். மல்லாட்டை என்றால் நம் ஊர் வேர்க்கடலை; கொல்லை என்றால் அது விளையும் மேட்டு நிலம்.

“ஒரு பக்கத்துக் கிட்னி சுருங்கிப்போச்சாம் சார். கல்லு அடைச்சிக்கினே கெடந்துதாம். இன்னொண்ண காப்பாத்திக்கோன்னுட்டாரு டாக்டரு.”

“மருந்து ஒன்றும் சாப்பிடவில்லையா?”

“சாப்டாம? வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள்ளுக் கஷாயம், சிறுபீளை... எங்கூட்டு அடுப்புல அது கொதிக்காத நாளே இல்ல. குடிக்கிறது எப்போன்னு கேளு சார். பொழுது சாஞ்சப்புறம்.”

பக்கத்தில் நின்ற இன்னொருத்தி தலையாட்டினாள். கொல்லை வேலைக்குப் போகும் பெண்கள் அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தானாம். மரம் மட்டை இல்லாத வெட்டவெளி, சுற்றிலும் ஆண்கள், ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதனால் விடிந்தால் தண்ணீர் படாமல் வாயைக் கட்டிவிடுவார்கள். பகலெல்லாம் வறண்ட குளம். வீடு திரும்பியதும் சொம்பு சொம்பாகத் தண்ணீர், அதோடு கஷாயம். பகலில் விட்டதை ராத்திரியில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“திட்னாரு. வாழைத்தண்டு சாப்பாட்டுக்கு நல்லதும்மா, வேணாங்கல. அதையே நம்பிக்கினு வலியோட இத்தினி வருஷம் படம் எடுக்காம இருந்தியே, அதான் தப்பு. இனிமே பகல்ல குடி, வேலை செய்யுற எடத்துல குடின்னாரு. குடிச்சா எங்க சார் போறதுன்னு கேட்டேன். மனுசன் பேனாவ மூடி வெச்சிட்டாரு.”

அது போன வருஷம்; இன்று மடியில் இருந்தது திரும்ப எடுத்த படம். அதற்குப் பின் முனியம்மா ஒரு வேலை செய்தாள். பனையோலையில் ஆள் மறையும் உயரத்துக்குத் தட்டி பின்னி, நாலு கழியோடு, கூட்டத்தில் முறை வைத்துச் சுமந்துபோனார்கள். கொல்லையில் கால் வைக்கும் முன் ஓரமாகத் தட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை.

“நாளைக்கு எங்கே?”

“மாசிலாமணி அண்ணன் கொல்லைக்கு.”

மாசிலாமணி என் தங்கை புருஷன்.

மறுநாள் காலை ஆறு மணி. கூட்டேரிப்பட்டிலிருந்து மேற்கே மூன்று மைல்.

முந்தின ராத்திரி வசந்தா வீட்டு விருந்தைச் சொல்லாமல் நகர முடியாது. வாழைத்தண்டுப் பொரியல், முள்ளங்கிக் குழம்பு, மோர் ஊற்றிக் கரைத்த கேப்பைக் கூழ். உப்பு எல்லாவற்றிலும் கைதவறிப் பாதிதான் விழுந்திருந்தது. எனக்காகத் தவறவிட்ட கை. மாப்பிள்ளை மட்டும் கருவாட்டைக் கடித்துக்கொண்டு, “கல்லுக்கு மருந்து பாண்டிச்சேரில இருக்குது மச்சான். ஒரு பீரு அடிச்சா கரைஞ்சுடும். மாசத்துக்கு ரெண்டு வாட்டி நான் போறேன் பாருங்க” என்றார்.

“உங்களுக்குக் கல் இருக்கிறதா மாப்ளே?”

“வரக்கூடாதுன்னுதான்.”

காலையில் கொல்லை மேட்டில் நின்றபோது பனி விலகி மண் வாசனை ஏறிக்கொண்டிருந்தது. பிடுங்க இளக்கமாக இருக்கட்டும் என்று முதல் நாளே தண்ணீர் பாய்ச்சியிருந்தார் மாப்பிள்ளை. அந்த ஈரம் காய்வதற்குள் பிடுங்க வேண்டும். காய்ந்து இறுகினால் செடி கையோடு வரும், காய் மண்ணோடு நிற்கும். முனியம்மாவின் கூட்டம் வரப்பில் வரிசையாக வந்தது. முன்னால் இரண்டு பேர் தோளில் தட்டி.

“இன்னா முனியம்மா இது? பந்தலா? கல்யாணம் யாருக்கு?”

“உங்க கொல்லைக்குத்தான் அண்ணா. கெணத்து மேட்டோரம் போட்டுக்கறோம்.”

மாப்பிள்ளையின் முகம் மாறியது. “அதெல்லாம் வேணாம். ரோட்ல போறவன் வர்றவன் பாப்பான். மாசிலாமணி கொல்லையில கக்கூசு கட்டிட்டான்னு ஊரே சிரிக்கும். தவிர, ஆளாளுக்கு எழுந்து எழுந்து போய்க்கினு இருந்தா வேலை ஆவுமா?”

“புடுங்கின காய படி அளந்துதானே கூலி அண்ணா? நாங்க எழுந்து போனா எங்க படிதான் கொறையும். உங்களுக்கு இன்னா கொறையுது?”

“வேணாம்னா வேணாம். ஜல்தியா எறங்குங்க.”

ஒருத்தியும் இறங்கவில்லை. தட்டியை வரப்பில் சாய்த்தார்கள். அதன் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெற்றிலைப் பைகள் திறந்தன. சூரியன் மயிலம் குன்றுப் பக்கமிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் ஆவியாகிப் போவது கண்ணுக்கே தெரிவதுபோல் இருந்தது.

“பேஜாரு புடிச்ச வேலையா இருக்குதே!” என்று மாப்பிள்ளை துண்டை உதறினார். “மச்சான், நீங்களாவது சொல்லுங்க.”

எனக்கு யார் பக்கம் சொல்வது என்பதில் குழப்பமில்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான். நான் வாய் திறக்குமுன் முனியம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “என்கிட்ட இருக்கிறது ஒண்ணு சார். அத இந்த அண்ணன் கொல்லையில வுட்டுட்டுப் போவ முடியாது. தட்டி நின்னா நான் வேலை செய்வேன். நிக்கலன்னா இன்னையோட கூட்டத்துக்கு வேற ஆள் பாத்துக்கட்டும்.” சிரிப்பு இல்லாமல் அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்போதுதான் வசந்தா வந்தாள். தலையில் கூழ்ப் பானை, இடுப்பில் தண்ணீர்க் குடம். என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தட்டியையும் உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தாள், புரிந்துவிட்டது. பானையையும் குடத்தையும் இறக்கினாள். கிணற்று மேட்டில் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்து ஒரு குத்துக் குத்தினாள்.

“ஏம்மே, நீ இன்னா பண்றே?”

“குழி தோண்டறேன்.”

“உனக்கு இன்னாத்துக்கு இது?”

கடப்பாரையை நிறுத்தாமல் பேசினாள் என் தங்கை. “கல்யாணம் ஆனதுலேந்து இந்தக் கொல்லைக்குக் கூழு கொண்டாந்துக்கினு இருக்கேன். எல்லாருக்கும் தண்ணி மோந்து குடுக்கறேன். என்னைக்காவது இங்க நின்னு நான் ஒரு வாய் குடிச்சி நீங்க பாத்திருக்கீங்களா?”

மாப்பிள்ளை குடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெண்களில் ஒருத்திகூட அசையவில்லை. கிணற்று மேட்டில் கடப்பாரை கல்லில் மோதி டங்கென்று அடித்தது.

“அங்க பாறை” என்றார் கடைசியில். “குழி எறங்காது. இந்தாண்ட வா.” துண்டைத் தலையில் கட்டி, கடப்பாரையை அவள் கையிலிருந்து வாங்கி, நாலடி தள்ளி மண்பாங்கான இடத்தில் குத்த ஆரம்பித்தார். “பண்றத உருப்படியா பண்ணு. காத்தடிச்சா சாஞ்சிடும்ல? ரோட்டுப் பக்கம் முதுகு காட்டி வை.”

முனியம்மாவுக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. “பாத்துக் குத்து அண்ணா. கல்லு இருந்தா பீரு ஊத்திக் கரைச்சிக்கலாம்.”

தட்டி நின்றது. பெண்கள் இறங்கினார்கள். செடிகள் வேரோடு மேலே வந்தன, வெள்ளைக் காய்கள் ஈரமண்ணோடு குலுங்கின. முனியம்மா நிரை முடிகிற போதெல்லாம் நிமிர்ந்து ஒரு சொம்பு குடித்தாள். குடித்துவிட்டு, ஒளிக்காமல், அவசரமில்லாமல் தட்டிப் பக்கம் போய் வந்தாள். உச்சிவேளையில் வசந்தாவும் சொம்பை நிரப்பினாள். சுட்டெரிக்கும் பங்குனி வெயில், நடுக்கொல்லை, புருஷன் எதிரில். அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, மூச்சு விடாமல் குடித்தாள். ஓரத்தில் வழிந்தது கழுத்தில் இறங்கி ரவிக்கையை நனைத்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அருவிகளைப் பார்த்தவன் நான். அந்தச் சொம்புத் தண்ணீர் இறங்கியதைப் பார்த்த பெருமையை எந்த அருவியும் தந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரை. திண்டிவனம்.

மாப்பிள்ளையே புல்லட்டில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டார். பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை. வசந்தா சொன்னபடி நெருஞ்சில் முள் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன், டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் குடிப்பது என்ற முடிவோடு. சென்னைக்கு நூற்றிருபது கிலோமீட்டர். என் அலுவலகத்தில் டைப் அடிக்கும் மூன்று பெண்களின் மேசையில் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. அந்த மாடியில் அவர்களுக்கென்று ஒரு கதவு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கல்லுக்கு மருந்து தேடிக் கிராமத்துக்கு வந்தவன், நகரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறேன். திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குள் அதைக் கேட்டாக வேண்டும்.

பஸ் வருவதற்குள் மாப்பிள்ளைக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் வந்து முனியம்மா கூட்டத்தைப் பற்றி விசாரித்தார். அவருக்கும் கொல்லை தயாராம்.

“முன்கூட்டியே சொல்லிடறேன்” என்றார் மாப்பிள்ளை, மார்பை நிமிர்த்தி. “தட்டி போடாத கொல்லைக்கு அவங்க வரமாட்டாங்க. நம்ம கொல்லையில நானே குழி தோண்டிப் போட்டுட்டேன். பொம்பளைங்க பகல்ல தண்ணி குடிக்கணும்யா. இது கூடத் தெரியாம இன்னா வெவசாயம் பண்றே?”

வந்தவர் தலையைச் சொறிந்தபடி, கழி எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

நான் ஏறி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை ஜன்னலருகில் வந்தார். “எழுதுவீங்க இல்ல மச்சான்? எம் பேரப் போட்டு எழுதுங்க.”

போட்டிருக்கிறேன், மாப்ளே. முதல் குத்து யாருடையது என்பதையும் சேர்த்து.