தனியாக ஆற்றிய பாவு

தறிக்குப் பாவு ஆற்றுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எடப்பாடியில் பாவு கட்டும் பாவடித் தெருவில் விடிந்ததும் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, எதிரெதிரே இருவர் நின்று நூலைச் சீவும் புருசு இழுப்போம். ஈரம் காயும்வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இழைகள் ஒட்டிக்கொண்டு பாவே வீண்.

யுத்தத்துக்கு முந்தி ஒரு மாசி மாதம், மாரண்ணன் பாவுக்குக் கூலிக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பாவுக்குள் புதுச்சத்திரத்து வண்டிக்காரன் ஒருவன் மாட்டை ஓட்டிவிட்டான். நூல் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. தெருப் பெரியதனக்காரர் ஓடிவந்தார்.

"என்னங்கடா வேடிக்கை பாக்கறீங்க? இழுத்துப்போட்டு மண்டையை ஒடைங்கடா! கோர்ட்டு வந்தா நான் பாத்துக்கறேன்!"

ஆட்கள் ஓடினார்கள். மாரண்ணன் மட்டும் நகரவில்லை.

"நமக்கெதுக்கப்பா வம்பு? பாவு ஈரமாக் கெடக்குது."

நாலு பேர் நடுவே வாய் திறக்காத நான், அவர் காதருகே போய்ச் சொன்னேன்: "நீங்க போங்கண்ணா, ரெண்டு பக்கமும் நானே இழுத்துக்கறேன். நம்ம மட்டும் போவலீன்னா சிரிப்பாங்க."

ஓரத்தில் கிடந்த, பாவு கட்டும் முளைக்கழியை எடுத்துக்கொண்டு அவர் போனார். நான் இருபுறமும் ஓடி ஓடிப் பாவைக் காப்பாற்றினேன். மூன்றாம் நாள் வண்டிக்காரன் ஆஸ்பத்திரியில் செத்தான்.

ஏவியதாகப் பெரியதனக்காரர் மேலும், மண்டையில் அடித்ததாக மாரண்ணன் மேலும் சேலம் கோர்ட்டில் விசாரணை நடந்தது. செத்தவனின் பெண்சாதி தினமும் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஈரப் பாவை விட்டு நெசவாளி நகரமாட்டான் என்பதுதான் எங்கள் வக்கீலின் வாதம். மாரண்ணன் எனக்கு எதிரிலேயே நின்றார் என்று கூண்டில் ஏறிச் சொன்னேன்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். அதட்டவில்லை.

"ஏம்ப்பா, அவ்வளவு நீளப் பாவை ஒரே ஆளு ஆத்த முடியுமா?"

அதுவரை என் வேலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"கை பழகியிருந்தா முடியுமுங்க. இந்தப் பக்கம் ரெண்டு இழுப்பு, ஓடிப்போயி அந்தப் பக்கம் ரெண்டு இழுப்பு. நான் இழுத்திருக்கறனுங்க. ஒரு இழை ஒட்டலீங்க."

"அடேயப்பா! என்னிக்கு இழுத்தே?"

மாரண்ணன் நின்ற பக்கம் திரும்பினேன். மறுபடியும் கேட்டார்.

"அன்னிக்குத்தானுங்க."

ஜட்ஜ் குனிந்து பார்த்தார். "அவன் கேட்டுச் செய்தாயா, நீயாகச் செய்தாயா?"

"அவருதான் பாத்துக்கச் சொன்னாருங்க."

மாரண்ணன் என்னைப் பார்த்தார். சொல்ல ஏதும் உண்டா என்று ஜட்ஜ் அவரைக் கேட்டபோது, "ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

ஏவியவனுக்கும் அடித்தவனுக்கும் தண்டனை ஒன்றுதான் என்று ஜட்ஜ் சொன்னார். இருவருக்கும் ஏழு வருஷம். முதலில் பொய் சொன்னதற்காக என்னைக் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். நான் பஸ் ஏறி ஊர் வந்தேன்.

விடுதலையாகி வந்த மாரண்ணன் என்னைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. ஏசவும் இல்லை. நான்தான் போகச் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

பாவடிக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடிக்கத் தூண்டுவதற்குச் சத்தம் போட வேண்டியதில்லை. ஒருவன் கையிலுள்ள வேலையை வாங்கிக்கொண்டாலே போதும். அந்த ஏழு வருஷத்தில் எனக்கும் பங்குண்டு. பெரியதனக்காரர் கூவியபோது மாரண்ணன் நகரவில்லை. நான் சொன்ன பிறகுதான் போனார்.