படகு அறையில் ஓர் இரும்பு அடுப்பு

திண்டிவனத்தில் பிறந்த என்னை மரக்காணத்துப் படகுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. பக்கிங்காம் கால்வாயில் அவருடைய பாய்ப்படகு உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும். சமைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்.

படகின் பின்பக்கம் பலகையால் அடைத்த சின்ன அறை. நிமிர்ந்து நிற்க முடியாது. மழைக்காலத்தில் பாய், துணி, தலையணை எல்லாம் நமுத்துவிடும். அதற்காகப் பாண்டிச்சேரியில் பழைய இரும்புக் கடையிலிருந்து முழங்கால் உயர அடுப்பு ஒன்றை வாங்கிவந்து மூலையில் பொருத்தியிருந்தார். சவுக்குக் கரி போட்டு மூட்டினால் அறை கதகதப்பாகிவிடும். புகை ஒரு தகரக் குழாய் வழியே கூரைக்கு மேலே போகும்.

படகில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. காற்று விழுந்துவிட்டால் கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுப்பவர். கோலியனூர்ப் பக்கத்துச் சேரிக்காரர், வயதானவர். அறைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. மழையிலும் விறகுக் கட்டுகளின் மேல் கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் கணவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுப்பில் குளிர் காய்ந்தபடி கேட்பார்:

"இன்னாடா, அனலு அங்க வர்தா?"

"வர்துங்க ஆண்டை."

உடனே கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிக்கிறேனா என்று பார்ப்பார்.

ஒரு கார்த்திகையில் புயல் மழை. கால்வாய் பொங்கியதால் படகைக் கரையோரம் கட்டிப்போட்டோம். கயிறு இழுப்பவருக்குக் காய்ச்சல். அவர் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. ஒரு மண்சட்டியில் தணலை அள்ளிக்கொண்டுபோய் அவர் கோணிக்கு அடியில் வைத்தேன். பின்னாலேயே வந்த என் கணவர் சட்டியைக் காலால் தண்ணீரில் தள்ளினார்.

"அவ்ளோ அக்கறன்னா நீயும் இங்கியே குந்திக்கினு இரு."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். கயிறு இழுப்பவர் கோணியைக் கழற்றி என் பக்கம் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். அதை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

குழாய் வழியே மழை உள்ளே சொட்டியிருக்க வேண்டும். என் கணவர் கூரைப் பலகையை விலக்கிக் கையை நீட்டி, குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். பலகையை மறுபடி மூடிக்கொண்டார். அடுப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அந்தப் பெரியவர்தான் சொன்னார்: "அம்மா, ஆண்டை சத்தமே காணோமே."

தட்டினோம். பதில் இல்லை.

"ஒடைக்கட்டுங்களா?"

"ஜல்தியா ஒடை."

தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தார். என் கணவர் வாயோரம் வாந்தியோடு குப்புறக் கிடந்தார். பெரியவர் கக்கத்தில் கைகொடுத்து அவரை மழைக்குள் இழுத்துப்போட்டார். காற்றுப் பட்டு, இருமி, மெல்லக் கண் திறந்தவர் முதலில் உடைந்த கதவைப் பார்த்தார்.

"உள்ள யாரு பூந்தது?"

"நாந்தாங்க ஆண்டை."

எழுந்து உட்கார முடியாத நிலையிலும் கையை ஓங்கி, குனிந்திருந்த பெரியவர் கன்னத்தில் அறைந்தார். "எறங்குடா. இனிமே இந்தப் பக்கம் வராதே."

"அவரு இல்லன்னா நீங்க செத்திருப்பீங்க" என்றேன்.

"அதுக்கு செத்தே போயிருக்கலாம்."

பெரியவர் கரையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் மேற்கே நடந்தார். அவர் கோணி என் மேலேயே இருந்தது. கூப்பிட்டேன்; திரும்பவில்லை. அன்றைக்கே அறை முழுவதையும் என்னைக் கழுவச் சொன்னார் என் கணவர். ஈரம் காய மறுபடியும் அடுப்பை மூட்டினார்.

பிரசவத்துக்குத் திண்டிவனம் வந்தேன். குழந்தையைப் பார்க்க வந்த என் கணவர், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"அந்தக் கயிறு இழுக்கறவன் செத்துட்டான். அன்னிக்கே இங்க வந்து, வியூப்புரம் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தவன் அப்படியே வியுந்துட்டானாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா இழுப்பான்" என்றார்.

"நான் இனிமே படகுக்கு வரல" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சமைக்க வேற ஆளு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் அம்மாவிடம் மோர் கேட்டார்.