ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வேதாகமத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு அதிகாரம் முடிவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும். ஆனாலும் ஒரு நாள் விட்டதில்லை. விடிய எழும்பி ஜெபம், வெள்ளிக்கிழமை ஒரு நேரம் உபவாசம், ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லை. ஞாயிறுக்கு வேண்டிய விறகைச் சனிக்கிழமையே கொத்தி அடுக்கிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எழுதக் கூடாது. பெருமைதான்.

பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருடம் அது. கல்முனையில் எங்கள் கோயிலுக்குப் பாதிக் கூரை இன்னும் தென்னோலைக் கிடுகாகவே இருந்தது. என் கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் மூன்று பேர். ஊருக்கு மேற்கே இருந்த இரண்டு ஏக்கர் வயலை நானே செய்துகொண்டிருந்தேன். வருடத்துச் சோறு அதில்தான். சுற்றிவர முஸ்லிம் ஆட்களின் வயல்கள். எனக்கு அடுத்த பள்ளக் காணிக்காரரை நான் காக்கா என்பேன், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. என் கணவரோடு ஒரே வாய்க்காலில் பல காலம் தண்ணீர் கட்டியவர்.

கோடையில் செய்கிற அந்தச் சின்னப்போகத்தில் குளம் வற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் கூட்டம் வைத்து முறை போட்டார். எங்கள் வாய்க்காலுக்கு முதலில் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நாள் வேண்டாம் என்று மற்ற வயல்காரர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் ஞாயிறு, விடியப்புறத்திலிருந்து மத்தியானம் வரை என்றார். காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, அது ஒங்கட கோயில் நாளெல்லா? சொல்லுங்க, மாத்திக் கேப்பம்."

"வேணாம் காக்கா. கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்."

அதை விசுவாசம் என்றுதான் அப்போது நினைத்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு சலுகை கேட்க எனக்கு மனம் வரவில்லை. உண்மை அதுதான்.

முறை தொடங்கிய முதல் ஞாயிறு நான் வயலுக்குப் போகவில்லை. அப்போதே எட்டு நாள் தண்ணீர் காணாத வயல். பயிர் குடலைப் பருவத்தில் நின்றது, கதிர் உள்ளே உருவாகிற நேரம். ஆராதனைக்குப் போய், முன் வரிசை வாங்கில் இருந்து, மழை கேட்டு ஜெபித்தேன். ஓய்வுநாளைக் காத்தவளுக்கு ஆண்டவர் மழை தராமல் இருப்பாரா என்று ஒரு தைரியம்.

அன்று பின்னேரம் வயலால் வந்த ஒருவர், "ஒங்கட வயல்ல தண்ணி நிக்கிது" என்றார். மழை ஒரு சொட்டும் விழவில்லை. திங்கள் விடியுமட்டும் பொறுத்திருந்தேன், ஞாயிறில் மண்வெட்டி தொட மாட்டேனே! விடிந்ததும் ஓடினேன். வயல் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். காக்கா தன் வரம்பில் நின்றார்.

"ஆரு வெட்டி விட்ட?"

"நான்தான் தங்கச்சி. நீங்க கோயில்ல. வந்த தண்ணிய வீணாப் போக உடலாமா?"

"என்ட வயல்ல ஞாயித்துக்கிழம வேல செய்யிறதில்ல எண்டு தெரியாதா? என்ட நாளை உடைச்சுப்போட்டீங்களே!"

"வேல செஞ்சது நானெல்லா? தண்ணிக்கு ஞாயிறும் தெரியா, வெள்ளியும் தெரியா."

நேரே பள்ளத்துப் பக்கம் போய் வரம்பில் இரண்டு வெட்டு வெட்டினேன். அந்தத் தண்ணீர் என் வயலில் நின்றால் என் ஓய்வுநாள் பழுதாகிவிடும் என்று அந்த நேரம் முழு மனதோடு நம்பினேன். தண்ணீர் பாய்ந்தது. காக்கா, "ஐயோ தங்கச்சி, பொறுங்க!" என்று ஓடி வந்தார். அவர் வயலுக்குள் விழுந்த தண்ணீர் அடுத்த வரம்பையும் உடைத்துக்கொண்டு வடிகால் காண் வரைக்கும் போனது.

முதல் நாள் பின்னேரம்தான் அவர் யூரியாப் பசளை எறிந்திருந்தார். எனக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை.

காக்கா காண் பக்கம் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோறு கொண்டு வந்த அவர் மனைவி விட்டுவைக்கவில்லை.

"என்னகா புள்ள, ஒங்கட ஓய்வுநாள் எங்கட பசளைய அள்ளிக்கிட்டுப் போயிட்டே! நாங்க நோம்பு புடிச்சா எங்கட வயித்தத்தான் காயப்போடுவம். நீ ஊரான்ட வயலையுமா காயப்போடுவாய்?"

நான் தலை நிமிர்ந்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க வெயில். புதன்கிழமை நிலம் வெடித்தது. வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் போனது. வெள்ளிக்கிழமை ஒரு நேரத்துக்குப் பதிலாக நாள் முழுதும் உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்று, நான் செய்ததையெல்லாம் ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னேன். விட்டுப்போகாத ஜெபம், விட்டுப்போகாத வாசிப்பு, உடைக்காத ஞாயிறு. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கேட்கிறவளின் குரலாக இல்லை, அதட்டுகிறவளின் குரலாக இருந்தது.

போதகரிடம் போனேன். என்னைவிட இளையவர், வெளியூர்ப் பிள்ளை. ஓய்வுநாளைக் காத்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் ஆசை. முழுவதும் கேட்டுவிட்டு, "அவையின்ர வரம்பைக் கட்டிக் குடுத்தீங்களா அம்மா?" என்று மட்டும் கேட்டார். மீசை சரியாக வராத பிள்ளை எனக்குப் புத்தி சொல்கிறது என்று கோபத்தோடு எழும்பி வந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

சனிக்கிழமை மண்வெட்டியோடு போய் அவருடைய உடைந்த வரம்பைக் கட்டினேன். வெயிலில் மண் வைத்து மிதிக்கும்போது ஒன்று விளங்கியது. வரம்பு கட்டுவது என் வேலை. நன்றாகவும் கட்டுவேன். ஆனால் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் வரம்பிலிருந்து தண்ணீர் ஊறாது. அது வேறிடத்திலிருந்து வர வேண்டும். போன ஞாயிறு வந்தது. வந்ததை நானே வெட்டி விட்டேன்.

அங்கிருந்து நேரே காக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். அந்தச் சில சொற்களைச் சொல்ல நான் பட்ட பாடு, எந்த உபவாசத்திலும் பட்டதில்லை.

"காக்கா, ஒங்கட பசளைய நாசமாக்கினது நான். நாளைக்குத் தண்ணி வந்தா என்ட வக்கடையையும் வெட்டி விடுவீங்களா?"

அவர் வெற்றிலையை மென்றபடி இருந்தார். "பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

வழக்கம்போல நான் ஞாயிறு கோயிலுக்குப் போனேன். தண்ணீர் வந்ததா, அவர் வெட்டினாரா, மனம் கசந்து விட்டுவிட்டாரா, ஒன்றும் தெரியாது. விட்டாலும் அவர்மேல் பிழை சொல்ல முடியாது. பயிர் அந்த நேரம் என் கையில் இல்லை. அன்று திருவிருந்து. மற்ற நாட்களில் நல்ல பிள்ளை பரிசு வாங்கப் போவதுபோல முன்னால் போவேன். அன்று கடைசியாகப் போய் முழங்காலில் நின்று, கையை விரித்தேன். அப்பம் உள்ளங்கையில் விழுந்தபோது அழுதேன். அதற்கு முன் நான் எதையும் வாங்கிக்கொள்ளப் பழகியிருக்கவில்லை.

பிறகு வெள்ளைச் சேலையோடு வயலுக்குப் போனேன். தண்ணீர் நின்றது. வெடிப்புகள் மூடிக்கொண்டிருந்தன. காக்காவின் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், மர நிழலில் இருந்தார்.

"என்னகா, இதையும் வெட்டி விடப் போறியா? சொல்லிப்போட்டு வெட்டு, நாங்க ஒதுங்கி நிப்பம்."

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அப்போதுதான் பார்த்தேன், நான் சனிக்கிழமை கட்டிய அவர்களுடைய வரம்பில் ஓர் இடம் ஒழுகிக்கொண்டிருந்தது. காக்கா தூரத்தில் வாய்க்கால் தலைப்பில் நின்றார். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கி, இரண்டு கை சேறு அள்ளி வைத்து அடைத்தேன்.

"புள்ள, இண்டைக்கு ஞாயிறெல்லா?"

"ஓம் ராத்தா, தெரியும்."

அந்தப் போகத்தில் மேட்டு மூலை மணி பிடிக்காமல் சப்பியாகவே போனது. மற்றதெல்லாம் விளைந்தது. இன்றும் நான் ஞாயிறில் வேலை செய்வதில்லை. சனிக்கிழமையே விறகு கொத்தி அடுக்கிவிடுவேன். அதை ஆண்டவரிடம் எடுத்துச் சொல்வதைத்தான் விட்டுவிட்டேன்.