திரைச்சீலை நஸீறாவும் நாலரை மணி நெட்டும்

கதிரையில் ஏறிப் பழைய திரைச்சீலையைக் கழற்றும்போதே நஸீறாவின் கன்னம் சுவரோடு ஒட்டிவிடும். யன்னலை அளக்கத்தான் நாம் அழைத்திருப்போம். அவரோ அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சீலைக்குப் பின்னால் தூசி பிடித்து ஓடும் தொலைபேசிக் கம்பியை விரலால் தடவுவார். "இது எங்க கா போகுது?" என்று வீட்டுக்காரியைக் கேட்பார். அவருக்குத் தெரியாது. உடனே நஸீறா கதிரையை விட்டு இறங்கி அந்தக் கம்பியின் பின்னாலேயே போய்விடுவார். யன்னல் அளவெல்லாம் மறுகா, எல்லாம் முடிந்த பிறகுதான்.

காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கம் எங்கள் ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து. பழைய செப்புக் கம்பி எங்கிருந்தோ வளைந்து நெளிந்து வந்து எங்களோடு முடிகிறது. நெட்டும் அதற்குள்ளால்தான் வரவேண்டும். "தூரத்தில இருந்து வாற விருந்தாளி மாதிரி அது," என்று நஸீறா விளக்குவார். "களைச்சுப்போய்த்தான் வரும். வாசலிலயே ஒரு கதிரையப் போட்டு இருத்தோணும். நாங்க அதக் குசினி அடுப்படிக்கும் வீட்டுக் கோடிக்கும் அலைய விடுறம்." கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே ரவுட்டரைக் கொளுவுவார். தொலைபேசிக்கு முன்னால், இரண்டும் கலக்காமல், சின்னதாக ஒரு பில்டர் போடுவார். மிச்சக் கிளைக் கம்பிகளைக் கழற்றி எறிவார். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

இதை அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நானும் அவரும் அஞ்சாம் வகுப்போடு நின்றவர்கள். ஒருநாள் துணி வெட்டும்போது, கீழே கிடந்த தொலைபேசிக் கிளைக் கம்பியையும் அவருடைய கத்தரிக்கோல் சேர்த்து வெட்டிவிட்டது. பயத்தில் மூச்சுவிடாமல் இருந்தார். அன்று பின்னேரம் கத்தாரிலிருந்து கணவர் றமீஸ் வீடியோவில் எடுத்தார். முதல் தடவையாக அவருடைய முகம் கட்டம் கட்டமாக உடையாமல் வந்தது. முன்பல் ஒன்று இல்லாததும் தெரிந்தது. ஆறு மாதமாக மறைத்து வைத்திருந்தாராம். "அல்லாஹ் எனக்குக் காட்டித் தந்திட்டான்," என்கிறார் நஸீறா. எதைக் காட்டினான், பல்லையா கம்பியையா என்று நான் கேட்கவில்லை.

கைபேசியில் வேகத்தைக் காட்டும் முள் ஏறும்போது நபியின் மீது சலவாத்துச் சொல்வார். இரண்டு நாலானால் கதிரையில் நின்றபடியே குதிப்பார். ஒரு வீட்டில் கதிரை உடைந்தது. விழுந்து கிடந்தபடியே "நாலே கால்!" என்று கத்தினார்.

போன வியாழக்கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ரிப்கா வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை கொண்டுபோனார். துணி பிடிக்க நானும் போனேன். ரிப்காவின் மகள் இனாயாவுக்குப் பன்னிரண்டு வயது. குர்ஆனை மனனம் செய்து முடித்த பிள்ளை, மாஷா அல்லாஹ். வெளிநாட்டிலிருக்கும், மார்க்கம் படித்த ஒரு ஆலிமாவிடம் கணினிக்கு முன்னால் இருந்து ஒரு பகுதியை நிற்காமல் ஓதி ஒப்புவிக்க வேண்டும். இரண்டு தடவை ஓதினாள். இரண்டு தடவையும் நடுவில் நெட் விழுந்தது. அன்று நாலரைக்குக் கடைசித் தவணை. இந்த முறையும் விழுந்தால் அடுத்த வருஷம்தான். பிள்ளைக்குப் பின்னால் அழகாக இருக்கட்டும் என்றுதான் அந்தச் சீலையே.

"எத்தின மணிக்கு விழும்?" என்று கேட்டார் நஸீறா.

"நாலரைக்கு. ஒவ்வொரு நாளும் நாலரைக்குத்தான். சைத்தானுக்கு மணிக்கூடு இரிக்கி போல," என்றாள் ரிப்கா.

அப்போது மணி மூன்றரை. நஸீறா பிஸ்மி சொல்லிக்கொண்டு தொடங்கினார். குசினிக் கம்பி போயிற்று. படுக்கை அறைக் கம்பி போயிற்று. வேகம் ஒன்றரையிலிருந்து இரண்டுக்கு வந்து அங்கேயே குந்திக்கொண்டது. "இன்னொண்டு எங்கயோ உறிஞ்சுது," என்று சொல்லிச் சுவரைத் தடவத் தொடங்கினார். ஒரு கம்பி யன்னல் சட்டத்தால் வெளியே இறங்கி, கிணற்றைச் சுற்றி, மதிலில் ஏறி அடுத்த வளவுக்குள் குதித்தது. நஸீறா முன்னால் ஓட, ரிப்கா பின்னால் ஓட, சீலையைச் சுருட்டிக்கொண்டு நானும் ஓடினேன்.

அடுத்த வீடு ரிப்காவின் மூத்த சகோதரி ஜெஸீமாவுடையது. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. வளவைப் பிரித்து மூத்த மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த தாய், தொலைபேசியைப் பிரிக்க மனமில்லாமல் மதிலுக்கு மேலால் ஒரு கிளை இழுத்து விட்டிருந்தார். அது ஜெஸீமாவின் குசினியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், லேஸ் துணியால் முக்காடு போட்டுக்கொண்டு இருந்தது.

"கைய வைக்காத நஸீறா! என்ட கலியாணத்தண்டு உம்மா போட்டுத் தந்த போன்," என்று ஜெஸீமா குறுக்கே வந்தார்.

"அதில ஆரு றாத்தா உங்களோட கதைக்கிற?" என்றாள் ரிப்கா.

"ஒருத்தரும் கதைக்கிற இல்ல. அதுக்கு?"

"கதைக்கிறவங்கள ஒட்டுக் கேக்கத்தானே வெச்சிரிக்கீங்க!"

"நானா? நீ மாமிட கிரைண்டர உடைச்சத நான் ஆருக்கும் சொன்னனா?"

ரிப்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நஸீறா மட்டும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "றாத்தா, நாலரைக்கு நீங்க என்ன செய்ற?"

"அஸர் தொழுதிட்டுத் தேத்தண்ணி ஊத்துவன்."

"மறுகா?"

ஜெஸீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "மறுகா... சும்மா ஒருக்கா போனத் தூக்கிப் பாப்பன். புள்ள பழகி ஓதுற நேரம்தானே. இவ அறையப் பூட்டிப்போட்டு ஒருத்தரையும் உள்ளுக்கு உடமாட்டாள். கம்பியாலதான் போகுதாம் எண்டாங்க. ஒரு ஆயத்தெண்டாலும் காதில விழாதா எண்டு பாக்கிற."

"விழுந்திச்சா?"

"எங்க! மழை பெய்யிற மாதிரி இரைச்சல்தான். சரி, ஓதுறது அங்க போய்ச் சேந்தாப் போதும் எண்டு போன வெச்சிருவன்."

நஸீறா அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அரிசி வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரிப்காவுக்கும் தொற்றியது. எனக்கும் அடக்க முடியவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

"குர்ஆன் கேக்கிறதும் உங்களுக்குச் சிரிப்பா?" என்று ஜெஸீமா சீறினார்.

"றாத்தா," என்று கண்ணைத் துடைத்தார் நஸீறா, "நீங்க தூக்கினாத்தான் அங்க நெட் விழுகுது."

ஜெஸீமா தொலைபேசியைப் பார்த்தார். ரிப்காவைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "ரெண்டு தரமும் நானா?" என்றார். நஸீறாவின் மடியிலிருந்த கத்தரிக்கோலைப் பறித்து, தாய் போட்டுக் கொடுத்த கம்பியைத் தானே வெட்டினார்.

திரும்ப ஓடினோம். முள் ஏறியது. "அஞ்சே முக்கால்!" இந்த முறை நஸீறாவோடு சேர்ந்து ரிப்காவும் குதித்தாள். நாலு இருபதுக்கு ஒரு சீலை இனாயாவுக்குப் பின்னால் ஏறிவிட்டது. மற்றதுக்கு நேரமில்லை, நஸீறாவின் கையிலேயே இருந்தது. கதவைச் சாத்தப்போன ரிப்காவிடம், "இவ உள்ளுக்கு இருந்து கேக்கட்டும்," என்று சொல்லி நஸீறா ஜெஸீமாவை மூலையில் இருத்திவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்தார்.

நாலரை. இனாயா ஓதினாள். நெட் விழவில்லை. ஒரு நீட்டல்கூட அறுபடவில்லை. இருபத்தைந்து நிமிஷமும் ஆலிமாவின் பிழை குறிக்கும் பேனை மேசையிலேயே கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ஜெஸீமாவின் வாய் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு பெரிய விம்மல் கிளம்புவது கதவோரம் நின்ற எனக்கே கேட்டது. கணினி இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தது. நஸீறா மடியிலிருந்த வெண்ணிறப் புதுச் சீலையின் ஓரத்தைச் சுருட்டி, ஜெஸீமாவின் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினார். கண்ணீரும் சளியும் பட்டு அந்தச் சீலை நனைய நனைய, ஓதி முடியும்வரை கையை எடுக்கவே இல்லை.