நீளம் போதாத போர்வை

கண்ணாடிப் பெட்டிக்குள் நாலாக மடித்திருந்த அந்தக் கம்பளிப் போர்வையை முதன்முதலில் துடைக்க எடுத்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. ஊதா, மஞ்சள், பாசிப் பச்சை என்று ஒன்றோடொன்று சேராத நிறங்களில் சிறு சதுரங்களாகப் பின்னி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்திருந்தார்கள். இதே மாதிரிப் போர்வை ஒன்றோடு நான் ஏழு மாதம் வாழ்ந்திருக்கிறேன்.

லண்டனில் ஒரு தொண்டு நிறுவனத் தலைமையகத்தின் கீழ்த்தளத்துப் பின்னறை அது. அருங்காட்சியகம் என்று பெரிய பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு அங்கே வாரத்தில் மூன்று நாள் வேலை. தூசி தட்டுவேன், பொருள்களுக்கு இலக்கம் ஒட்டுவேன். என் கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். நான் பஸ் பிடித்து, மிச்சம் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். சில வாரங்களில் பிரிட்ஜில் ஒட்டிய துண்டுக் கடதாசிகளில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். அந்த நாள்களில் நான் வாய் திறந்து பேசியது, அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார அம்மையாரோடு மட்டும். ஊரில் ஆசிரியைகளை அழைத்த பழக்கத்தில் அவரை ‘மிஸ்’ என்றேன். கணவரை இழந்த எழுபது வயதுப் பெண்ணை இங்கே அப்படி அழைக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைத் திருத்தவே இல்லை.

நிறுவனத்தின் வரலாறு மிஸ்ஸுக்குப் பொருள்களாகத்தான் மனப்பாடம். யுத்தம் என்றால், படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுருட்டிய காயக்கட்டுத் துணி. பஞ்சம் என்றால், விளிம்பு நெளிந்த அலுமினியப் பால் குவளை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை இருந்தது. அதன் கடைசி வரி, ‘எதற்குப் பயன்பட்டது’. கொடுத்தவர்கள் சொன்னால் அந்த வரியைப் பென்சிலால் எழுதுவார். பயன்படுத்தியவரே வந்து சொன்னால்தான் மை. அந்த விஷயத்தில் விடாப்பிடியானவர். போர்வையின் அட்டையில் பென்சில் மட்டுமே இருந்தது. அது எங்கும் அனுப்பாமல் மாதிரிக்கு வைத்த போர்வை. மிஸ் தன் கையால் பின்னியது. ஒரு காலத்தில் இருபது பெண்கள் கூடியிருந்து பின்னினார்களாம். எண்பதுகளில் அவர்களுடைய போர்வைகள் எங்கள் யாழ்ப்பாணப் பக்கமும் போயின. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பின்னுவதற்கு அவர் ஒருவரே மிஞ்சியிருந்தார்.

“உங்களுக்கு ஒன்று கிடைத்ததா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “கதகதப்பாக இருந்ததா?” என்றார்.

அவருடைய விரல்கள் வாதத்தில் வளைந்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல? “நல்ல கதகதப்பு, மிஸ்” என்றேன். அவர் மைப்பேனாவைத் திறந்து அதையே எழுதினார். மறுநாள் முன்னதைவிடத் தடித்த நூல் வாங்கி வந்து, சாப்பாட்டு இடைவேளையில் பின்னத் தொடங்கிவிட்டார்.

யாழ்ப்பாணத்து வெக்கையில் அந்தப் போர்வையை ஒருவரும் போர்த்ததில்லை என்பதுதான் உண்மை. எண்பத்தேழில், இடம்பெயர்ந்த பதினொரு குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். பெண்களுக்கு உடுப்பு மாற்ற மறைவில்லை. போர்வை வந்த அன்றே அதைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு மூலையை அடைத்தோம். விடிந்தால் அதன் முன்னே வரிசை. அதற்குப் பின்னால்தான் உடுத்தோம், அழுதோம். ஒருத்தி பிள்ளையும் பெற்றாள். நீளம்தான் போதவில்லை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரியும். உள்ளே நிற்பது யாரென்று பாதங்களைப் பார்த்தே சொல்லிவிடுவோம். “மாமி, உங்கட குதிக்கால் வெடிப்புக்கு எண்ணெய் பூசுங்கோ, பாக்க ஏலாமல் கிடக்கு” என்று வெளியே நின்று பகிடி விடுவோம். உள்ளேயிருந்து சிரிப்பு வரும்.

கணவரிடம் சொன்னேன். “அந்த மனுசிக்கு ஏன் கவலை குடுக்கிறீர்? நல்லதைத்தானே சொன்னனீர், விடும்” என்றார். என்னால் விட முடியவில்லை. மை என் பொய்யில் காய்ந்துவிட்டது. அந்த மூலையில் எங்கள் மானத்தைக் காப்பாற்றியதும் ஒரு போர்வைதான் என்று நான் சொல்லாவிட்டால் வேறெவரும் சொல்லப்போவதில்லை. மற்றவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ, இருக்கிறார்களோ இல்லையோ! ஆனாலும் மூன்று வருடம் வாய் திறக்கவில்லை.

பிறகு மிஸ்ஸின் விரல்கள் ஊசி பிடிக்க மறுத்தன. விம்பிள்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். நான் போனபோது ஜன்னலோரம் தனியே உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் அவரைப் பார்க்க வந்தது நான் மட்டும் என்றார் தாதி.

“அது கதகதப்பாக இருக்கவில்லை, மிஸ்” என்றேன். “அதை நாங்கள் போர்த்தவே இல்லை. அது எங்களுக்குச் சுவராக இருந்தது.” வகுப்பறை, கயிறு, வரிசை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கிழவியின் கடைசி ஆறுதலையும் பறித்துவிட்டேனே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

“கால்கள் தெரிந்தனவா?” என்று கேட்டார்.

“தெரிந்தன.”

“யாராவது எழுதியிருக்கக் கூடாதா? இன்னும் நாலு வரிசை சேர்த்துப் பின்னியிருப்பேனே.” தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அட்டையைத் திருத்திவிடுங்கள். மையால்” என்றார். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாமல் போய்விட்டார். மரணச் சடங்குக்கு ஐந்து பேர் வந்திருந்தோம்.

அட்டையைத் திருத்தினேன். போர்வையை மடிக்காமல் கயிற்றில் தொங்கவிடும்படி நிறுவனத்தாரை நச்சரித்து, ஒருவாறு சம்மதிக்க வைத்தேன். இப்போது நான் ஓய்வுபெற்று, கணவரும் இல்லாமல், எப்போதாவது போய்ப் பார்த்து வருகிறேன். போன வாரம் போனபோது போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ நின்றிருந்தார்கள். கீழே இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. யாருடைய கால் என்று எனக்குத் தெரியவில்லை. பகிடி விடவும் பக்கத்தில் ஒருவரும் இல்லை. உள்ளே இருப்பவர் வெளியே வரட்டும் என்று, என் முறைக்காக நின்றேன்.